தன்னை இழந்தவன் வைத்த பணயம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் சில நிமிட நடைக்குள் பல நூற்றாண்டுகள் நெருங்கி நிற்கின்றன. போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை, அதையொட்டிப் பழையன்னூர் பகவதி கோயில், சற்றுத் தள்ளி 1568-இல் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெபாலயம், இவற்றைச் சூழ்ந்த தெருக்களில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குகள்.

இந்தக் கிடங்குகளில் ஒன்றில் கணக்கெழுதும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம்; மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. இவர் உதாரணத்திற்காகக் கொண்ட மனிதர்தாம். எனினும் இவருக்கு நேர்வது இன்று பல வீடுகளில் நேர்ந்திருக்கிறது.

2024-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. ஒன்பதரை மணிக்கு அவர் கைபேசியில் போக்கர் ஆடத் தொடங்குகிறார். போக்கரில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் மறைவாகத் தரப்படும். 5 சீட்டுகள் பொதுவாக விரிக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு வெற்றி. தம் சீட்டு வலியது என்று கருதுபவர் பணயத்தை உயர்த்தலாம், மெலியது என்று கருதுபவர் விலகிவிடலாம். எப்போது விலகுவது என்று அறிவதில்தான் ஆட்டத்தின் திறமை பெரிதும் அடங்கியிருக்கிறது. இளைஞருக்கு இது நன்றாகத் தெரியும். கணக்கில் வல்லவர். ஒருவர் கைக்கு 2 ஏஸ்கள் சேர்ந்து வருவது சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான் என்பதைத் தாமே தாளில் போட்டுப் பார்த்து அறிந்தவர்.

2,000 ரூபாயுடன் அமர்ந்தவரிடம் பதினொரு மணிக்கு 5,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அப்போது அந்த 2 ஏஸ்களும் வருகின்றன. எதிரே ஒருவர் தம்மிடமுள்ள அனைத்தையும் பணயமாக வைக்கிறார், இவரும் வைக்கிறார். எதிரியிடம் இருப்பவை 2 ராஜாக்கள். இந்த நிலையில் ஏஸ் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 82. ஆகவே இவர் செய்ததில் பிழை ஏதுமில்லை. ஆனால் பொதுச் சீட்டுகளில் கடைசியாக மூன்றாவது ராஜா வந்து விழுகிறது.

அவர் உடனே 3,000 ரூபாய் செலுத்தி மீண்டும் அமர்கிறார். ஒன்பதரை மணிக்கு எந்தச் சீட்டுகளைத் தயங்காமல் ஒதுக்கினாரோ, அவற்றையே இப்போது வைத்துக்கொண்டு பணயத்தை உயர்த்துகிறார். தம்மை வென்ற அந்த எதிரியின் பெயர் திரையில் தெரியும்போதெல்லாம் அவர் எந்தச் சீட்டையும் விட மறுக்கிறார். நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் 3,000 தீர்கிறது. அடுத்து 5,000. ஒரு மணிக்கு உள்ளிருந்து, "இன்னும் தூங்கவில்லையா?" என்று மனைவியின் குரல். "இதோ, ஆயிற்று." இரண்டு மணிக்கு அதுவும் இல்லை.

அவருடைய வங்கிக் கணக்கில் இன்னும் 18,000 ரூபாய் இருக்கிறது. சுக்கும் மிளகும் தரம் பிரிக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கூலி. முதலாளி அன்று மாலைதான் அனுப்பியிருந்தார். விடிவதற்குள் மீட்டு வைத்துவிடலாம் என்று மனம் சொல்கிறது. அதிகாலை மூன்று நாற்பதுக்கு அந்தக் கணக்கில் எஞ்சியிருப்பது பூஜ்யம்.

ஏஸ்கள் தோற்றபோது அவருடைய சொந்தப் பணத்தில் போனது 2,000 ரூபாய் மட்டுமே. அந்தத் தோல்வியைச் சீட்டின் மேல் போடலாம்; நூற்றில் பதினெட்டு என்பது நடக்கக்கூடியதே. மற்ற 26,000 ரூபாயை இழந்தவர் யார்? ஒன்பதரை மணிக்கு அமர்ந்த கணக்கரா, வேறொருவரா?

திறமையா, அதிர்ஷ்டமா?

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்கே உள்ள கேரள உயர் நீதிமன்றத்திலும் இத்தகைய ஆட்டங்களைப் பற்றிய வழக்கு ஒன்று நடந்தது. பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரி 23 அன்று ஓர் அறிவிக்கையின் மூலம் தடை செய்தது. அந்த அறிவிக்கை செல்லாது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. இதற்கு நெடிய மரபு உண்டு. ரம்மியில் விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்திருப்பது எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆதலால் அது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கூறியிருந்தது. தமிழ்நாட்டிலும் 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது. 2023 நவம்பர் 9 அன்று அது அளித்த தீர்ப்பு, சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இந்த விவாதத்தையே ஒதுக்கிவைத்து, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் அந்த நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் அளித்த விடையில் பிழை காண்பது எளிதன்று. போக்கரில் திறமை உண்டு. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைத் தொகுத்துப் பார்த்தால் தேர்ந்தவர் தேராதவரை வெல்வார். ஆனால் திறமை என்பது சீட்டில் இருப்பதில்லை, ஆடுபவனிடம் இருப்பது. இரவு இரண்டு மணிக்கு அது அவனிடம் இருக்கிறதா என்பது சட்டத்தின் பார்வைக்கு எட்டாத கேள்வி.

அந்தக் கேள்விக்கு எதிராகவே கைபேசி ஆட்டம் அமைந்திருக்கிறது எனலாம். நேரில் அமர்ந்து ஆடினால் மணிக்கு ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் நடக்கும். சீட்டைக் கலைக்கவும் பகிரவும் நேரம் பிடிக்கும். கைபேசியில் ஒரே மேசையில் எழுபது ஆட்டங்கள் ஓடிவிடும். நேர்ச் சூதில் பணம் தீர்ந்தவன் எழுந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த நடையில் இரவுக் காற்று முகத்தில் படும். இங்கே விரலால் இரண்டு முறை தொட்டால் அடுத்த தொகை வந்து சேர்கிறது. இதனிடையே, சேரும் பணயத்திலிருந்து நடத்துபவர் தமது பங்கை ஆட்டந்தோறும் எடுத்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே மேசையில் அமர்ந்த அறுவர் கொண்டுவந்த பணம் முழுவதும் அந்த அறுவரிடம் ஒருபோதும் திரும்புவதில்லை.

வாணிகமும் ஒருவகைச் சூதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. மட்டாஞ்சேரிக்கே பொருத்தமான கேள்வி அது; ஏனெனில் அங்கே 1957 முதல் மிளகில் முன்பேர வணிகம் நடந்திருக்கிறது. அறுவடைக்குப் பின் வரப்போகும் விலையை முன்னரே பேசி முடிப்பது பார்வைக்குப் பந்தயம் போலத் தோன்றும். ஆனால் மிளகின் விலை ஏறுவதும் இறங்குவதும் யாரும் ஒப்பந்தம் செய்யாவிட்டாலும் நடக்கும். மழை பொய்த்தாலும் கப்பல் தாமதித்தாலும் நட்டம் எவர் தலையிலாவது விழும். ஏற்கெனவே உலகில் உள்ள ஆபத்தை ஒருவர் தோளிலிருந்து தாங்க வல்ல மற்றொருவர் தோளுக்கு மாற்றுவது அந்த ஒப்பந்தத்தின் பயன். சூதாடி அமரும்வரை அவன் வைக்கும் ஆபத்து உலகில் எங்கும் இல்லை. அவனே அதைப் படைக்கிறான். (மிளகுக்குத் தொடர்பே இல்லாமல் விலையின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் பணம் வைப்பவனை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பது வாசகர் தாமே எண்ணிப் பார்க்கத் தக்கது.)

தருமன் தானே சொன்ன காரணம்

மகாபாரதத்தின் சபா பர்வத்தில் வரும் சூதாட்டத்தை அறியாதவர் இல்லை. முத்து, பொன், தேர், யானை, குதிரை, நாடு, பின்னர் நகுலன், சகதேவன், அர்ஜுனன், பீமன், அதன்பின் தான், கடைசியில் திரௌபதி என்று பணயங்கள் ஏறிச் செல்கின்றன. ஒவ்வொரு இழப்புக்கும் பிறகு சகுனி, இன்னும் மிஞ்சியிருப்பது என்ன என்று நினைவூட்டுகிறான். அவன் அதட்டவில்லை, வற்புறுத்தவும் இல்லை. எஞ்சியிருப்பதைச் சுட்டிக்காட்டுவதே போதுமானதாக இருக்கிறது. இன்றைய திரையில் அந்த வேலையைச் செய்ய ஒரு சிறு பொத்தான் இருக்கிறது.

தருமன் ஏன் ஆடினான்? அழைப்பை மறுப்பது க்ஷத்திரியனுக்கு அழகன்று, பெரியப்பாவின் சொல்லைத் தட்டக் கூடாது என்பன வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள். அவை அவன் ஏன் அமர்ந்தான் என்பதை விளக்கும். ஏன் எழவில்லை என்பதற்கு அவனே வன பர்வத்தில் விடை கூறுகிறான். காட்டில் ஒரு நாள் பீமன் கடுஞ்சொற்களால் அவனைக் குத்துகிறான். தருமன் அவற்றை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறான். துரியோதனனின் நாட்டைப் பெறலாம் என்ற எண்ணத்துடனேயே தான் பகடையைக் கையில் எடுத்ததாகச் சொல்கிறான். காய்கள் சகுனியின் விருப்பப்படியே விழுவதைத் தான் கண்டதாகவும், அப்போதே தன்னை நிறுத்திக்கொண்டிருக்கக் கூடும் என்றும், ஆனால் சினம் மனிதனின் உறுதியைக் கொன்றுவிடுகிறது என்றும் கூறுகிறான்.

தருமத்தின் மைந்தன் என்று பெயர் பெற்றவன் ஆசையோடு அமர்ந்ததையும் சினத்தால் எழ முடியாமற் போனதையும் தன் வாயாலேயே சொல்லும்படி வியாசர் வைத்திருக்கிறார். சகுனி வஞ்சகன் என்பதைத் தருமன் அங்கேயும் குறிப்பிடத்தான் செய்கிறான். ஆயினும் பழி முழுவதையும் வஞ்சகத்தின் மேல் சுமத்திவிட்டு ஒதுங்கவில்லை.

ஆசை, பிறகு சினம். இந்த வரிசையை அறிந்தவர்களுக்குப் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் நினைவுக்கு வரும். அங்கே 62, 63-ஆம் சுலோகங்களில் பகவான் வீழ்ச்சியின் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். ஒரு பொருளையே மனம் சிந்தித்துக்கொண்டிருப்பது முதற்படி. அதிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைபடும்போது சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவுத் தடுமாற்றம், அதனால் புத்தியின் அழிவு, முடிவில் மனிதனே அழிகிறான்.

மட்டாஞ்சேரி இளைஞரின் இரவை இந்தப் படிகளில் வைத்துப் பார்க்கலாம். மாலை முதலே கிடங்கில் மூட்டைகளை எண்ணும்போது மனம் மேசையில் இருந்தது. பதினொரு மணிவரை ஆசை. மூன்றாவது ராஜா விழுந்த கணத்தில் சினம். யார்மேல் சினம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எதிரிமேல், சீட்டுமேல், விதிமேல். போக்கர் ஆடுவோர் இந்த நிலைக்கே 'டில்ட்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தள்ளுவிசையால் ஆடும் பழைய இயந்திர விளையாட்டுகளில் பெட்டியை ஓங்கிச் சாய்த்தால் அது செயலற்றுப் போகும். அந்தச் சாய்வுக்குரிய சொல் மனிதனுக்கு வந்து சேர்ந்தது. கீதையைப் படிக்காதவர்களும் தங்கள் நட்டத்தின் வாயிலாகவே அந்தப் படியை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அடுத்து நினைவுத் தடுமாற்றம். இவ்விடத்தில் ஆதிசங்கரரின் உரை ஊன்றிப் படிக்கத் தக்கது. நினைவு என்பதற்குச் சாத்திரத்தாலும் ஆசாரியரின் உபதேசத்தாலும் உள்ளத்தில் பதிந்த பதிவுகள், வேண்டிய நேரத்தில் எழுந்து வருதல் என்று அவர் பொருள் கொள்கிறார். கற்றது அழிந்துவிடுவதில்லை; அது தேவைப்படும் கணத்தில் எழுந்து வருவதில்லை. இளைஞர் தாளில் போட்டுப் பார்த்த கணக்குகள் அனைத்தும் அவருக்குள் இருக்கின்றன; இரண்டு மணிக்கு அவற்றில் ஒன்றும் உதவிக்கு வருவதில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை தடவை தோற்றாயிற்று, இனி வென்றே தீர வேண்டும் என்று ஒரு போலிக் கணக்கு வந்து அமர்கிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட மாளிகையில் சுழல்சக்கரத்தின் குண்டு தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று ஒவ்வொரு முறையும் பணத்தை மேலும் மேலும் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். குண்டுக்கு முன்பு விழுந்த இடம் நினைவில்லை. சீட்டுக்கும் இல்லை.

புத்தியின் அழிவு என்பதற்குச் சங்கரர் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது. செய்யத் தக்கது இது, தகாதது இது என்று பிரித்தறியும் ஆற்றல் அந்தக்கரணத்திற்கு இருக்கும்வரைதான் ஒருவன் புருஷன் எனப்படுவான். அது போனபின் உடல் இருந்தும் புருஷன் அழிந்தவனே என்கிறார். உயிர் போவதை அவர் குறிக்கவில்லை என்பது வெளிப்படை. ஒருவன் நாற்காலியில் அமர்ந்து, கண் விழித்து, விரலால் திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே இது நடந்துவிடலாம்.

திரௌபதி கேட்டது

இந்த விளக்கத்தை மனத்தில் கொண்டு சபா பர்வத்திற்குத் திரும்பினால், திரௌபதியின் கேள்வி வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. தன்னை அழைக்க வந்த தேரோட்டியிடம், அரசர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று கேட்டு வா என்று அவள் திருப்பி அனுப்புகிறாள். தன்னைத் தோற்று அடிமையானவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்பது கேள்வியின் சட்டப் பொருள். விகர்ணன் அவள் பக்கம் நின்று, அவள் வெல்லப்படவில்லை என்று வாதிடுகிறான். பீஷ்மரோ தருமம் நுண்ணியது என்று கூறித் தீர்ப்புச் சொல்ல இயலாமல் நிற்கிறார்.

சட்டப் பொருளுக்குக் கீழே மற்றொன்று இருக்கிறது. தருமன் தன்னைத் தோற்றது, வாயால் தன்னைப் பணயமென்று சொன்ன அந்த ஆட்டத்தில்தானா? காய்கள் எதிரியின் விருப்பப்படி விழுவதைக் கண்டும் சினத்தால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமற் போயிற்றே, அப்போதே தோற்றுவிட்டான் அல்லவா? அப்படியானால் நகுலனையும் சகதேவனையும் வைத்தபோதே அவனிடம் வைப்பதற்கு 'அவன்' இல்லை. திரௌபதியின் கேள்வி கடைசிப் பணயத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், பாதி ஆட்டத்தையே செல்லாததாக்கிவிடுகிறது. சபையின் மௌனத்திற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கூலிப் பணம் 18,000 ரூபாயைத் தொட்ட விரலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறர் பொருள் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றவில்லையா? தோன்றியது, இல்லாவிட்டால் விடிவதற்குள் மீட்டு வைத்துவிடலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் உரியவருக்கும் உரிமையற்றவருக்கும் நடுவே கோடு போடும் ஆற்றல் அதற்கு முன்பே போய்விட்டது. தன்னை இழந்தவன் கையில் எதுவும் பிறருடையதாகத் தெரிவதில்லை; எல்லாமே மீட்சிக்கான முதலாகத் தெரிகிறது.

திருதராஷ்டிரன் வரமாகத் திரௌபதி கேட்டதைக் கொடுத்து, இழந்தவை அனைத்தையும் திருப்பி அளித்துப் பாண்டவர்களை அனுப்பிவைக்கிறான். அவர்கள் இந்திரப்பிரஸ்தம் போய்ச் சேருவதற்குள் மறுபடியும் ஆட அழைப்பு வருகிறது. தருமன் திரும்பி வந்து ஆடுகிறான். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாம் ஆட்டத்தின் பயன். இழந்ததை மீட்டுவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் ஆட்டத்தை அதிகம் பேசுவதில்லை.

நளன் மீட்டானே!

மீட்டவனும் இருக்கிறானே என்று ஒருவர் நளனைக் காட்டக் கூடும். காட்ட வேண்டியதும்தான். சூதில் நாடிழந்து காட்டில் இருந்த தருமனுக்கு ஆறுதலாகப் பிருகதசுவர் என்ற முனிவர் சொன்ன கதை அது. கேரளத்தில் உண்ணாயி வாரியரின் நளசரிதம் கதகளியாக நான்கு நாட்கள் ஆடப்படுவது. இரண்டாம் நாளில் பகடை உருள்கிறது.

தூய்மை விதியில் நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவின் வழியே கலி நளனுக்குள் நுழைகிறான். பல மாதங்கள் ஆட்டம் தொடர்கிறது. அனைத்தும் போனபின் புஷ்கரன், இன்னும் தமயந்தி இருக்கிறாளே, அவளை வை என்கிறான். அங்கே நளன் நின்றுவிடுகிறான். ஒன்றும் பேசாமல் அணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை ஆடையுடன் வெளியேறுகிறான். கலி பிடித்த மனத்திலும் ஒரு கோடு அழியாமல் இருந்திருக்கிறது. நளனுக்குப் பின்னால் வந்த மீட்சியின் வித்து அந்த இடத்தில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பிறகு உருவம் மாறி, பாகுகன் என்ற பெயரில் ருதுபர்ணனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இலைகளும் காய்களும் இத்தனை என்று ருதுபர்ணன் பார்வையாலேயே கணக்குச் சொல்கிறான். திரிபலா சூரணத்தில் கடுக்காயுடனும் நெல்லிக்காயுடனும் சேரும் அதே தான்றிதான். வேத காலத்தில் அதன் கொட்டைகளே சூதுக் காய்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடியின் புலம்பலாக வரும் சூக்தத்திலும் அவை பேசப்படுகின்றன. நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, கணக்குச் சரி என்று கண்டு வியக்கிறான். குதிரைகளின் மறையைக் கொடுத்துக் காய்களின் மறையைப் பெறுகிறான். அதைப் பெற்ற கணத்தில் கலி அவன் உடலைவிட்டு வெளியேறித் தான்றி மரத்தில் புகுகிறான். மயக்கத்தில் இருந்தவன் எண்ணத் தொடங்கியதும் மயக்கம் நீங்குகிறது.

ஆகவே நளன் புஷ்கரனிடம் திரும்பிச் சென்றபோது அவன் இழப்பைத் துரத்திக்கொண்டு செல்லவில்லை. கலி நீங்கி, தமயந்தியுடன் சேர்ந்து, இழந்தது எது இழக்காதது எது என்று அறிந்தபின் செல்கிறான். ஒரே வீச்சில் வெல்கிறான். புஷ்கரனை மன்னித்து, அவனுடையதை அவனுக்கே கொடுத்து அனுப்புகிறான். அந்த வீச்சில் தமயந்தியையும் பணயமாகச் சொன்னான் என்பதை வியாசர் மறைக்கவில்லை. அது பாராட்டத் தக்கதென்று யாரும் கருத வேண்டியதில்லை.

இந்தக் கதையைக் கேட்ட தருமனுக்கு நேர்ந்தது அதைவிடச் சுவையானது. பிருகதசுவர் அவனுக்கும் காய்களின் மறையைக் கற்பிக்கிறார். இப்போது அவனிடம் திறமை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவன் சகுனியைத் தேடிப் போகவில்லை. விராடனின் அவையில் கங்கன் என்ற பெயரில் அரசனுக்குச் சூதுத் துணையாக அமர்கிறான். மகன் உத்தரன் வென்றான் என்ற செய்தி கேட்டு மகிழ்ச்சியில் விராடன் ஆட அழைக்கும்போது கங்கன் தடுக்கிறான். யுதிஷ்டிரன் என்ற அரசன் சூதில் எல்லாவற்றையும் இழந்ததை அறியீரோ என்று வேறு யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்கிறான். மகாபாரதத்தில் இதைப்போல மெல்லிய புன்னகையை வரவழைக்கும் இடங்கள் அதிகமில்லை.

வீஸ்பாடனில் ஒரு இரவு

1871 ஏப்ரலில் ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் சுழல்சக்கர மேசையில் கொண்டுசென்ற பணத்தை இழந்தார். பல ஆண்டுகளாக அவரைப் பற்றியிருந்த நோய் அது. 1866-இல் 'சூதாடி' என்ற நாவலைச் சொல்லச் சொல்ல எழுதுவித்து 26 நாட்களில் முடித்தவர். சூதாடியின் உள்ளத்தை அவரளவு நுணுகி அறிந்தவர் அரியர். அந்த அறிவு அவரை மேசையிலிருந்து எழுப்பவில்லை. ஊர் திரும்ப மனைவி அன்னா அனுப்பிய 30 தாலர்களையும் அவர் மேசையில் வைத்து இழந்தார். அன்னா அப்போது கருவுற்றிருந்தார்.

இரவில் தெருவில் ஓடினார். ருஷ்யப் பாதிரியாரைத் தேடிப் போனவர் இருட்டில் வழி தவறினார். கோயில் என்று எண்ணி நெருங்கிய கட்டடம் யூதர்களின் ஜெபாலயம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டியது போலிருந்தது அவருக்கு. அறைக்குத் திரும்பி மனைவிக்குக் கடிதம் எழுதினார். எவ்வளவு இழந்தார், எப்படி இழந்தார் என்று மறைக்காமல் எழுதினார். பத்து ஆண்டுகளாகத் தம்மைக் கட்டியிருந்தது அறுந்துவிட்டதாகவும் எழுதினார். இதற்கு முன்பும் இத்தகைய உறுதிமொழிகளை அவர் எழுதியதுண்டு. அன்னா நம்பத் தயங்கியிருந்தால் வியப்பில்லை. ஆனால் பின்னர் அவர் ஆடவே இல்லை. 1872-இன் இறுதியில் ஜெர்மனியின் சூதாட்ட மாளிகைகள் சட்டத்தால் மூடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளிருந்து ஒரு கதவை அவர் மூடினார். வெளியிலிருந்து ஒன்றை அரசு மூடியது. இரண்டும் வேண்டியிருக்கும் மனிதர்கள் பலர்.

முந்தைய இழப்புகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தொகை பெரிதன்று. இம்முறை அவர் இழந்ததை இழந்ததாகவே வைத்தார். கீதையின் படிகளில் சினத்தைத் தாண்டியவனை நிறுத்துவது கடினம். நினைவு தவறியவனுக்கு அறிவுரை கேட்காது. நடந்ததை நடக்காததாக்க வேண்டும் என்ற ஏக்கத்தை விட்டவனுக்குச் சினம் கொள்ள இடமில்லை. படி அங்கே அறுபடுகிறது. அதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாமற் போவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெறுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இணையப் பழக்கங்களுக்கென்றே 2014-இல் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. மனநல உதவிக்கான அரசின் தொலைபேசி எண் 14416. மருத்துவரை நாடுவது விரதம் முறிந்ததாகாது.

மட்டாஞ்சேரியில் மழை விட்டிருக்கிறது. ஆறரை மணி. இளைஞர் மனைவியை எழுப்பிச் சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். கிடங்கின் கதவைத் திறந்துகொண்டிருந்த முதலாளி, நேரத்துக்கு முன்பே வந்து நிற்பவரைப் பார்த்து என்ன என்று கேட்கிறார். விஷயத்தைக் கேட்டு முடித்தபின் வெகு நேரம் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மொத்தம் எவ்வளவு?" என்கிறார்.

"இருபத்தெட்டாயிரம். அதில் பதினெட்டாயிரம் அவர்களுடைய கூலி."